தண்ணி காட்டுறான்

இன்று லுக்குட் டவுனில் பஸ்ஸைத் தவறவிட்டு, ஒரு சாப்பாட்டுக் கடையில் வழக்கம்போல் மூலை மேசையில் உட்கார்ந்தேன். டிவியில் வாட்டர் போலோ. ஜப்பானும் சீனாவும்.

ஒரு ஜப்பானிய வீரன் எதிராளியின் தலையை நீருக்குள் அமுக்கினான். பக்கத்து வொர்க்‌ஷாப் பையன்கள் துள்ளினார்கள்.

"பாரு மச்சான், ஜப்பான்காரன் தண்ணி காட்டுறான் லா!"

அடுத்த மேசையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்த தாத்தா, "டிவிய அடைங்கடா" என்றார்.

"ஏன் தாத்தா, சீனா தோக்குதுன்னு வவுத்தெரிச்சலா?" என்றான் ஒருவன். கடைக்காரரும் சிரித்தார்.

தாத்தா டிவியைப் பார்க்காமலே பேசினார்.

"மொதல்ல எங்கப்பாதான் ஜப்பான்காரனுக்குத் தண்ணி காட்டுனாரு. ஜப்பான்காரன் நம்ம நாட்டப் புடிச்சிருந்த காலத்துல, சயாம் ரயிலு போட ஆள் புடிக்க வந்தப்ப ரப்பர் காட்டுல ஒளிஞ்சுகிட்டாரு. புடிச்சப்புறம் அவன் காட்டுனான். காலையில ஆள் கணக்கெடுக்குற பெரட்டுக் களத்துல படுக்க வச்சு, வாயில குழாய விட்டு, வயிறு ஊதுற மட்டும் தண்ணி ஊத்துனான். அப்புறம் பூட்ஸோட ஏறி மிதிச்சான். தோட்டமே நின்னு பாக்கணும், கை தட்டணும்னான். தட்டி முடிக்கறதுக்குள்ள அப்பா போயிட்டாரு."

கடைக்காரர் ரிமோட்டைத் தேடி எடுத்து, சத்தத்தை மட்டும் குறைத்தார்.

அந்த நேரம் பார்த்து ஜப்பான் கோல் போட்டது. பழக்கதோஷத்தில் ஒருவன் கை தட்டிவிட்டான்.

தாத்தா பாதிக் கோப்பியோடு எழுந்து போய்விட்டார். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவனே உட்கார்ந்தான். அங்கிருந்து டிவி நன்றாகத் தெரியுமாம்.

எனக்கு பஸ் வந்துவிட்டது. யார் ஜெயித்தார்கள் என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். கை தட்டும் இமோஜி மட்டும் போட்டுவிடாதீர்கள்.