கால்வாய்க் கரையில் மடைக்காரன் வீடு

எங்கள் பள்ளிக்குப் புதிதாக வந்திருந்த பிரெஞ்சுச் சாமியார் ஒரு பிற்பகல், ஜன்னல்களைச் சாக்கால் மறைத்துவிட்டு, எங்கள் ஊர்ச் சோழபுரத்தாருக்கு லாந்தர் விளக்கால் சுவரில் படம் காட்டினார். அவருக்குத் தமிழ் வராது. அவர் ஆங்கிலத்தில் சொல்வதை நான் தமிழில் சொல்லவேண்டும். எங்கள் குடும்பத்தில் எழுத்துப் படித்த முதல் ஆள் நான். அந்தப் பள்ளியிலேயே வாத்தியார் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தேன். பள்ளிக்கு இடம் கொடுத்த நிலக்காரர், பெரிய சம்சாரி, முன்னால் நாற்காலியில் இருந்தார். அவர் வேண்டாமென்றால் வேலை கிடையாது. என் அப்பா கதவோரம் நின்றார். கண்மாய் மடையைத் திறந்து அடைக்கிறவர் அவர்.

படமெல்லாம் சாமியாரின் சொந்த ஊர்ப்பக்கத்துக் கால்வாய். சரக்குப் படகு போவதற்காக ராஜா காலத்தில் வெட்டியது. மலை ஓடைகளை மறித்து ஏரி கட்டி, அந்தத் தண்ணீரை மேட்டுக்குக் கொண்டுவந்து இரு பக்கமும் இறக்கியிருக்கிறார்கள். கரையில் குதிரை நடந்து படகை இழுக்கும். ரயில் வந்தபின் சரக்கு குறைந்துபோய், இப்போது கோடையில் சிலர் குடை பிடித்துக்கொண்டு உல்லாசமாகப் போகிறார்கள்.

"சோலி இல்லாம சும்மாவா போறான்?" என்றார் பெரிய சம்சாரி. "அம்புட்டுத் தண்ணியில வெள்ளாமை வைக்காம வெளாடுதானா?"

எல்லாரும் சிரித்தார்கள்.

படகு எப்படி மேடு ஏறும் என்பது யாருக்கும் விளங்கவில்லை; நான் சொன்ன விளக்கமும் குழப்பம்தான். அப்பாதான் பின்னாலிருந்து சொன்னார்: "ரெண்டு மடைக்கு நடுவுல படக விட்டு, கீழ்மடைய அடைச்சு, மேல்மடையத் தொறக்கான். தண்ணி ஏறுனா படகும் ஏறும்."

அடுத்த படம், அந்த மடைக்காரனின் வீடு. கரைமேலேயே ஓட்டு வீடு, வாசலில் பூச்செடி. அப்பா இரண்டடி முன்னே வந்துவிட்டார். எங்கள் ஆட்கள் கண்மாய்க் கரையில் குடியிருக்கக்கூடாது என்பது ஊர் வழக்கம். ஐப்பசி மழையில், தள்ளியிருந்த எங்கள் தெருவிலிருந்து மடைக்கு ஓடியே அவருக்கு முழங்கால் போயிருந்தது. குடிசைக்கு இடம் கேட்டுக் கேட்டுச் சலித்திருந்தார்.

"சாமி, அங்க மடைக்காரனுக்குக் கரையிலயே வீடு குடுத்திருக்காவ. எனக்கும் ஒரு குடிசை போட நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்."

பெரிய சம்சாரி திரும்பாமலே என்னிடம் சொன்னார்: "ஏலே, நீ படத்துக்கு மட்டும் தமிழ் சொல்லு."

அப்பாவைக் காட்டி, அவர் என்ன கேட்கிறார் என்றார் சாமியார்.

"படம் நன்றாக இருக்கிறதாம்" என்றேன் ஆங்கிலத்தில்.

சாமியாருக்குச் சந்தோஷம். அப்பாவைப் பார்த்து நாலைந்து தடவை தலையாட்டிக் கைகூப்பினார்.

மூன்றாம் நாள் அப்பா கண்மாய்க் கரையில் குடிசைக்குப் பனங்கம்பு நட்டார். உச்சிவேளைக்குள் பெரிய சம்சாரியின் ஆட்கள் பிடுங்கிக் கண்மாயில் எறிந்துவிட்டார்கள்.

"சாமியாரே சரின்னுட்டாரு" என்றிருக்கிறார் அப்பா.

"அப்ப அவரு ஊர்லயே போய் நடு" என்றார்களாம்.

நனைந்த வேட்டியோடு கம்புகளைச் சுமந்து வந்து என் முன்னால் போட்டார். எனக்கு வேலை உத்தரவு வந்தது அதற்கு முந்தின நாள்.

"சாமி தலைய ஆட்டுனத நீயும் பாத்தேல்ல? செத்த போய் சாமிகிட்ட இன்னொரு தடவ சொல்லுலே."

"சொல்றேன்ப்பா" என்றேன்.

அப்பா கம்புகளை ஒவ்வொன்றாக வெயிலில் பரப்பினார், மறுபடி நடுவதற்கு.