வாசிக்க ஒருவர், பதிலுக்கு ஒருவர்

வெர்னா கோப்லீக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. வெர்மான்ட் மலைக்குள் கிடக்கும் ஹார்வுட்ஸ் மில் என்ற ஊரில், புனித மத்தியா ஆலயத்தின் பீடத்துணிகளை முப்பத்தொரு வருடம் துவைத்து இஸ்திரி போட்டவள் அவள். இத்தனை வருடத்தில் ஒரு பிரசங்கத்தையாவது முழுதாக உட்கார்ந்து கேட்டதில்லை. மெழுகுவர்த்தி சாய்ந்திருக்கும், கரியடுப்பு அணையப் பார்க்கும், எழுந்து போய்விடுவாள். மரம் வெட்டப் போன புருஷன் எவரெட் பிணமாக வந்த பிறகு இந்தத் தவிப்பு இன்னும் கூடியது. வீட்டுக்குள் இருந்தால் மூச்சு முட்டியது. ஆலயத்தில் மட்டும்தான் அவள் கைகால்களுக்கு வேலை இருந்தது.

அந்த ஆலயத்தைக் கட்டிக்கொடுத்தவள் பிலீனா ஹார்வுட். மில் முதலாளியின் மகள், கல்யாணம் செய்துகொள்ளாதவள், வாய் கொஞ்சம் நீளம். ஊரின் பெரிய சபையில் அவள் முழங்கால் போட்டு ஜெபித்ததைப் பார்த்து யாரோ சிரித்தார்களாம். மறு வருடமே தன் புல்வெளியில், முழங்கால் போட்டு ஜெபிக்கும் எபிஸ்கோப்பல் சபைக்கென்று ஆலயம் ஒன்றை எழுப்பிவிட்டாள். பக்தி பாதி, வீம்பு பாதி. ஆனால் யாரையும் நம்பாத மனுஷி. பத்திரத்திலேயே எழுதி வைத்தாள்: ஒவ்வொரு ஞாயிறும் மதியம் பன்னிரண்டுக்குள் இங்கே ஆராதனை நடக்க வேண்டும், வாசிக்க ஒருவர், பதில் சொல்ல ஒருவர் இருந்தால் போதும், ஒரு ஞாயிறு தவறினாலும் நிலமும் கட்டிடமும் என் தம்பி வம்சத்துக்கு.

அறுபத்தேழு வருடம் தவறவில்லை. தம்பி வம்சத்தில் மிஞ்சியவன் வெண்டல். சிறுவயதில் வெர்னாவோடு அதே ஆலயத்தின் பாடகர் குழுவில் நின்றவன். பிற்பாடு ஆலயப் பக்கமே வராமல், அந்த இடத்தில் பெட்ரோல் பங்க் வைக்க ஆசைப்பட்டுக் காத்திருந்தான்.

1958 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை பிடித்த பனி, ஞாயிறு விடிந்தும் விடவில்லை. எட்டு மணிக்குப் பாதிரியார் போன் செய்தார். ஊருக்குப் புதியவர்.

"ரோடே தெரியல வெர்னா. இந்த ஒரு வாரம் விட்டுடுவோம்."

"விட்டா சர்ச்சே போயிடும் ஃபாதர். பத்திரத்துல இருக்கு."

"அந்தப் பழைய பத்திரத்த யாரு பாக்கப் போறா?"

"வெண்டல் பாப்பான்."

வெர்னா ஒவ்வொரு வீடாகப் போன் செய்தாள். ஃபாதர் இல்லாம என்ன சர்ச் என்றார்கள், பனி விடட்டும் என்றார்கள். அவளுக்கு அழுகை முட்டியது, ஆத்திரமும் வந்தது. தெருவைத் தாண்டி இடுப்பளவு பனியில் நடந்து போய்க் கரியடுப்பை மூட்டினாள். இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினாள். வாசலுக்கும் பீடத்துக்கும் நடந்து நடந்து கால் ஓய்ந்தது.

பதினொன்று இருபதுக்குக் கதவு திறந்தது. காலில் பனிச்செருப்பும் கையில் கடிகாரமுமாக வெண்டல் நின்றான்.

"யாருக்கு வெர்னா மெழுகுவர்த்தி? ஆளையே காணோமே."

"நீ எதுக்கு வந்த?"

"சாட்சிக்கு. பன்னெண்டு வரைக்கும் நின்னு, ஒண்ணும் நடக்கலேன்னு கண்ணால பாத்துட்டுப் போயிடுவேன்."

"ஊரே போத்திப் படுத்துக்கிச்சு. சர்ச்சுக்குன்னு ஒரு மைல் நடந்து வந்தவன் நீ ஒருத்தன்தான். தொப்பியக் கழட்டு."

கழற்றினான். வெர்னா ஜெபப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாசிக்கும் மேடைக்குப் போனாள். அந்த ஆலயத்தில் எந்தப் பெண்ணும் அங்கே நின்று வாசித்ததில்லை.

"கர்த்தாவே, எங்கள் உதடுகளைத் திறந்தருளும்" என்று வாசித்து, பதிலுக்காக நிறுத்தினாள்.

வெண்டல் சிரித்தான். "நல்ல ஆளு நீ. என் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வராது."

அவள் அவனைப் பார்க்காமல் தொடர்ந்தாள். வேதத்திலிருந்து ஒரு சங்கீதத்தை வாசித்தாள், அன்றைய வேதபாடங்களை வாசித்தாள், விசுவாசப் பிரமாணத்தைத் தனியாகவே சொன்னாள். குரல் மெல்ல மெல்ல உரத்தது. வெண்டல் கடைசி வரிசையில் சாய்ந்து கடிகார முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டுக்கு இன்னும் ஒன்பது நிமிஷம்.

"கர்த்தர் உங்களோடிருப்பாராக."

"உம்முடைய ஆவியோடும் இருப்பாராக" என்றான் வெண்டல், கடிகாரத்தைப் பார்த்தபடியே.

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே கேட்டது. முகம் வெளுத்துப்போனது.

"ஜெபம் பண்ணக்கடவோம்" என்று வெர்னா அடுத்த வரிக்குப் போனாள்.

சிறுவயதில் பத்து வருடம் அங்கே மண்டியிடும் பலகையில் தேய்ந்த முழங்கால்கள் அவனைக் கேட்கவில்லை. மண்டியிட்டுவிட்டான். அப்படியே தலையைக் கையில் பிடித்துக்கொண்டு முனகினான்.

"பிலீனா கிழவி குழியிலேர்ந்து என்னைப் பிடிச்சுட்டா."

"எந்திரிச்சுப் போறியா?"

"பாதியில எப்படிப் போறது? மிச்சத்தையும் வாசி. முட்டி வலிக்குது."

வெர்னா வாசித்தாள். மெழுகுவர்த்தி ஒன்று சாய்ந்து மெழுகு அவளே தேய்த்த பீடத்துணியில் சொட்டியது. அதைப் பார்த்தாள், கடைசி ஆமென் வரைக்கும் அவள் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.