புளியந்தோப்பில் இறங்கிய வலை

1979-ல், விலங்கியல் பட்டத்தோடு அணையின் மீன் ஆய்வு வேலைக்குப் போன முதல் நாள். பரிசலில் கால் வைக்கும் முன்பே காசிமாயன் கேட்டார்: "மீனுக்கு ஆஜர் எடுக்க வந்திருக்கீகளோ மாப்ள?" கரையே சிரித்தது. எங்கள் ஊரில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான். அந்தச் சிரிப்பை மறக்கவில்லை.

காசிமாயனுக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். அணையில் வலை போட்டுப் பிழைத்த நாற்பது குடும்பங்களுக்கு அவர் வைத்ததுதான் சட்டம். ஆய்வு வலையை இறக்கி எடுப்பதும் அவர்தான். சிறிய கண்ணி முதல் பெரிய கண்ணி வரை ஆறு துண்டுகளைச் சேர்த்துத் தைத்த வலை அது. மாதம் ஒருமுறை, குறித்த நான்கு இடங்களில் சாயங்காலம் இறக்கி, விடிந்ததும் எடுத்து, விழுந்த மீனை இனம்வாரியாக அளந்து எழுதுவேன். அவர் என்னிடம் பேசமாட்டார். "சாரு மேல தண்ணி படாமப் போடி" என்று பரிசலிடம்தான் பேசுவார்.

இரண்டு மாதம் வலை வெறுமையாக ஏறியது. மீன் குறைந்தால் அணையில் வலை போடவே ஒரு வருடம் தடை என்று கரையில் பேச்சு. மூன்றாம் மாதம் நான் பரிசலில் ஏறாமல் கரையிலேயே இருந்துகொண்டேன்; வந்த வலையைக் கரைக்கு இழுக்க இரண்டு ஆள் போதவில்லை. கட்லாவும் ரோகுவும் கை நீளத்துக்கு. பூரித்துப்போய் எழுதினேன், அறிக்கையும் போய்விட்டது.

வலை காயும்போதுதான் பார்த்தேன், கண்ணியெல்லாம் கறுத்த புளியஞ்சுள்ளி. அணை கட்டியபோது முழுகிய புளியந்தோப்பு நான் குறித்த இடங்களுக்கு ஒரு மைல் தள்ளி இருக்கிறது. மீன் அண்டும் இடம்.

காசிமாயனிடம் கேட்டேன். அவர் பீடியை வாயிலிருந்து எடுக்கவில்லை. "மீன் அணையிலதான கெடந்துச்சு? ஆகாசத்துலயா புடிச்சேன்?"

வலை எங்கே இறங்கியது என்றே தெரியாமல் கையெழுத்துப் போட்டவன் என்று பெயர் வாங்க எனக்கு மனசில்லை. அறிக்கையைத் திருத்தவில்லை.

இம்புட்டு மீன் உள்ள அணையை ஊர்க்காரர்களுக்கு ஏன் விட்டுவைக்க வேண்டும் என்று மேலே யோசித்திருக்கிறார்கள். ஆடியில் மீன்பிடி உரிமையை ஏலம் விட்டார்கள். பழங்காநத்தத்து மீன் வியாபாரி ஒருவர் எடுத்து, தன் ஆட்களோடு வந்து இறங்கினார். நாற்பது பரிசலும் கரையேறின.

ஆபீஸ் வாசலில் காசிமாயன் மறித்தார்.

"எழுதுனவன் நீதான?"

"வலையப் போட்டது யாரு?" என்றேன்.

என் செருப்புக்கு அருகில் துப்பிவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் அந்த வியாபாரியிடமே கூலிக்கு வலை இழுத்தார். நான் மாதாமாதம் ஆய்வுக்குப் போனேன். என் பரிசலுக்கு வேறு ஆள்.