தோப்புக்கரணக்காரர்

தொண்ணூறுகளில் மலேசியாவின் புக்கிட் காத்திலில் ஒரு டைல்ஸ் கிடங்கில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். அங்கே பெட்டி தூக்கியவரின் பெயர் மறந்துவிட்டது. குட்டையானவர், கழுத்தில் எப்போதும் ஈரத் துண்டு. எவ்வளவு அவசரமானாலும் காலை அகட்டிக் குந்தி, பெட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டுதான் எழுவார். திரும்பும்போதும் இடுப்பை முறுக்காமல் பாதத்தை நகர்த்துவார்.

ஒருநாள் சூப்பர்வைசரிடம், "முட்டிய மடக்கித் தூக்குங்க சார், இல்லன்னா இடுப்பு போயிரும்" என்றார்.

"தோப்புக்கரணமா? எங்க, போட்டுக் காட்டு!" என்றான் அவன்.

எல்லோர் முன்னாலும் காதைப் பிடித்துக்கொண்டு பத்துத் தடவை போட்டார். கிடங்கே சிரித்தது.

அடுத்த வருஷம் முதலாளி வந்திருந்தபோது, வேகம் காட்ட சூப்பர்வைசரே ஒரு பெட்டியைத் தூக்கப் போனான். முட்டியை மடக்காமல் இடுப்பை வளைத்துக் குனிந்தான். தோப்புக்கரணம் போட்டவர் லோரியில் சாய்ந்து நின்று, முகத்தைத் துடைத்தபடி நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியோடு சட்டென்று திரும்பியவன் அலறிக்கொண்டு தரையில் விழுந்தான், எழ முடியவில்லை. பலகையில் கிடத்தி நான்கு பேர் தூக்கினார்கள். அவரும் ஒருவர். அப்போதும் முட்டியை மடக்கித்தான் தூக்கினார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே?" என்று கேட்டேன்.

"போன வருஷமே சொன்னேன்லா தம்பி. நீங்களும்தானே சிரிச்சீங்க."

இன்றும் எதையாவது தூக்கக் குனிந்தால், அவர் லோரியில் சாய்ந்து நிற்பதுபோலவே இருக்கிறது. என் முட்டி தானாக மடங்கிவிடுகிறது. எனக்கும் அவர் சொல்லமாட்டார்.