கதிரை நிற்கவேண்டிய இடம்

தவநாயகி மச்சாள் வாயால் வேலையைக் கெடுத்துக்கொண்டவர் என்று வால்தம்ஸ்டோவில் இன்னமும் ஒரு கதை உலாவுகிறது. சொல்லித் திரிகிறவர்களில் ஒருவர்கூட அன்றைக்கு அங்கே இருக்கவில்லை. நான் இருந்தேன். அதனால் நான் சொல்வதைக் கேளுங்கள்.

கிழக்கு லண்டனில், பழைய தொழிற்சாலை ஒன்று கொட்டிவிட்டுப் போன சாம்பல் மேட்டின்மேல் நைலோன் பிரஷ் பாய் விரித்துப் பனிச்சறுக்குப் பழக்கும் இடம் ஒன்று இருந்தது. பெயருக்குத்தான் பனி. வழுக்குவதற்காகப் பாயில் தண்ணீர் தெளிப்பார்கள், அவ்வளவுதான். 1985இலிருந்து மச்சாளுக்கு அங்கே அடிவாரத்தில் வேலை. செம்மஞ்சள் ஜக்கெற் ஒன்றைப் போட்டுக்கொண்டு, மேலே இழுத்துப்போகும் கயிற்றை ஒவ்வொருவர் கையிலும் பிடித்துக் கொடுப்பார். கஃபேயில் எனக்குச் சிப்ஸ் பொரிக்கும் வேலை எடுத்துத் தந்தவரும் அவர்தான். அவர் என் அண்ணன் தியாகராஜாவின் மனைவி.

மச்சாளுக்கு ஒரு வியாதி. எந்தக் கலியாணத்துக்குப் போனாலும் ஆட்கள் உட்காரும் கதிரைகளை மாற்றிப் போடுவார். நம்முடைய கலியாணத்தைப் பள்ளிக்கூட ஹோலில் வைத்தால் என்ன நடக்கும் என்று தெரியும்தானே? மணமக்களை வாழ்த்தி அறுகரிசி போட மேடைக்குப் போகிறவர்களும், போட்டுவிட்டுச் சாப்பாட்டுக்கு ஓடுகிறவர்களும் ஒரே வழியில் முட்டிக்கொள்வார்கள். மச்சாள் வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு இரண்டு வரிசைக் கதிரைகளை இழுத்துப்போட்டு, ஏற ஒரு வழி, இறங்க வேறு வழி என்று ஆக்கிவிடுவார். பெண்வீட்டாருக்கு முகம் கறுக்கும். கறுக்கட்டும் என்பார். பந்தி ஒழுங்காக நடந்து முடியும், நன்றி மட்டும் எவர் வாயிலும் வராது.

அந்தக் கண்ணோடுதான் நான்கு வருடத்துக்கு மேல் மேட்டின் அடியில் நின்றார்.

1989 இலையுதிர்காலத்தில் முதலாளிமார் கயிற்றைத் தூக்கிவிட்டு, சுவிஸில் கழித்துவிட்ட கதிரை லிஃப்ட் ஒன்றை வாங்கினார்கள். கம்பியில் தொங்கிக்கொண்டு போகும் இரட்டைக் கதிரைகள். ஆட்கள் ஏறும் இடத்தை மனேஜர் கிரகாம் கஃபே வாசலுக்கு நேரே குறித்து, முளை அடித்து, சிவப்பு ரிப்பன் கட்டினான். வரிசையில் நிற்பவர்களுக்குச் சிப்ஸ் வாசம் அடித்தால் வாங்குவார்கள் என்பது அவன் கணக்கு. அது நல்ல கணக்காக எனக்கும் பட்டது, பொய் ஏன் சொல்ல வேண்டும்.

மச்சாள் அன்றே அவனிடம் போனார். மேடு இடப்பக்கம் சாய்வு. சறுக்கத் தெரிந்தவன் எங்கும் நிற்பான். முதல் நாள் வருகிறவன் நிற்கத் தெரியாமல் இடப்பக்கமே வழுக்கி, கஃபே வாசலில்தான் வந்து விழுவான். இதுவரை அங்கே வெறும் பாய் கிடந்தது. இனி ஐம்பது பேர் மேட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். புதன்கிழமைகளில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேறு. லிஃப்டை வலப்பக்கம் ஸ்டோருக்குப் பின்னால் வையுங்கள், வரிசை பின்புறமாகச் சுற்றி வரட்டும் என்று தன் இங்கிலிஷில் எடுத்துச் சொன்னார். கிரகாம் சிரித்தான். என்ஜினியர் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டாராம். பிறகு, இத்தனை வருடத்தில் ஒரு நாளாவது சறுக்குப் பலகையைக் காலில் மாட்டியிருக்கிறாயா என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டான்.

அந்தக் கேள்வியை அவன் கேட்டிருக்கக் கூடாது.

அடுத்த கிழமை முதலாளிமார் இருவரும் வரைபடத்தோடு வந்தார்கள். முளைகளுக்கு நடுவே நின்று கிரகாம் கையை நீட்டி நீட்டி விளக்கிக்கொண்டிருந்தான். ஜன்னலால் பார்த்தேன். நாற்பத்துமூன்று வயது மச்சாள் பலகை இரண்டையும் மாட்டிக்கொண்டு பாதி மேட்டில் நின்றார். ஒரு பாடம்கூட எடுக்காதவர். ஏன் எடுக்கவில்லை என்று பிறகு கேட்டேன். எடுத்திருந்தால் நிற்கத் தெரிந்திருக்குமே என்றார்.

ஹெல்மெட்டை இறுக்கிக்கொண்டு இறங்கினார். விலகச் சொல்லிக் கத்திக்கொண்டே வந்தார். முதலாளிமார் விலகிவிட்டார்கள். கிரகாம் மட்டும் வரைபடத்தைப் பிடித்தபடி வாயைப் பிளந்துகொண்டு நின்றான். மேடு எங்கே கொண்டுபோகுமோ அங்கேயே மச்சாளையும் கொண்டுவந்து, ரிப்பனையும் அறுத்து, அவனையும் விழுத்தியது. அவனுக்கு ஒரு கீறலும் இல்லை. மச்சாளின் வலக்கைப் பெருவிரல் பாயில் இருந்த துளைக்குள் சிக்கி முறிந்துபோனது. நான் ஓடிப்போய்த் தூக்கியபோது, வலியில் கண்ணீர் வழிய வழிய, முதலாளிமாரைப் பார்த்து, இதுதான் இடம் என்று இங்கிலிஷில் சொன்னார்.

அவர்களுக்குச் சொன்னது ஏறவில்லை. சிரிப்புத்தான் ஏறியது. கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு இருவரும் போய்விட்டார்கள்.

மறுநாள் கையில் மாவுக்கட்டோடு வேலைக்கு வந்தவரைக் கிரகாம் கஃபேக்குள் கூப்பிட்டு இருத்தினான். முன்னால் விபத்துப் புத்தகம். வேலையிடத்தில் யாருக்கு என்ன அடிபட்டாலும் எழுதவேண்டிய புத்தகம் அது. விபத்துக்குக் காரணம் என்ற இடத்தில், ஊழியரின் கவனக்குறைவு என்று எழுதி வைத்திருந்தான். கீழே கையெழுத்து வைத்தால் இதோடு முடிந்துவிடும், ரிக்கற் கூட்டுக்குள் ஹீற்றருக்குப் பக்கத்தில் இருந்து செய்யும் வேலை தருகிறேன் என்றான். அவன் ஒன்றும் கெட்டவனில்லை. தன் இடத்தைக் காப்பாற்றப் பார்த்தான்.

மச்சாள் ஒரு நாள் அவகாசம் கேட்டுக்கொண்டு வந்தார். பின்னேரம் வீட்டில் அண்ணன் மச்சாளின் காலில் விழாத குறை. அண்ணன் வேலைக்கு நின்ற பெற்றோல் ஸ்ரேஷனில் ஷிப்டைப் பாதியாகக் குறைத்திருந்தார்கள். மச்சாளின் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

"தவம், ஒரு கையெழுத்துத்தானே. வைச்சிட்டு வேலையைப் பாரும். லிஃப்ட் எங்க நிண்டா எங்களுக்கென்ன?"

மச்சாள் மாவுக்கட்டுக் கையைத் தூக்கி மேசையில் வைத்தார்.

"விழுந்தது நான்தான். ஓம். ஆனா பிழை என்னிலையில்லை, அந்த இடத்திலை. நான் கையெழுத்து வைச்சா அந்த இடம் சரியெண்டு ஆகிடும். பிறகு ஒரு பிள்ளை விழுந்தாலும் அந்தப் பிள்ளையின்ரை கவனக்குறைவு எண்டுதான் எழுதுவாங்கள். என்னாலை ஏலாது."

நான் அண்ணன் பக்கம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. வீண் பிடிவாதம் பிடிக்கவேண்டாம் என்று நானும் சொன்னேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை கிரகாமிடம் பேனா வாங்கினார். வலக்கை மாவுக்கட்டுக்குள். இடக்கையால், சின்னப் பிள்ளை எழுதுவதுபோல் கோணல் மாணலாக, அவன் எழுதியதை ஒரே கோட்டில் வெட்டினார். அடியில் பெரிய எழுத்தில் இங்கிலிஷில் எழுதினார்: பழகுகிறவர் எவராலும் இந்த இடத்தில் நிற்க முடியாது. என்னாலும் முடியவில்லை. லிஃப்ட் இங்கே வரக் கூடாது. கையெழுத்தைத் தமிழில் வைத்தார். மத்தியானம் வேலை போய்விட்டது. செம்மஞ்சள் ஜக்கெற்றை மடித்து என் கையில் தந்துவிட்டு பஸ் எடுக்கப் போனார்.

அந்த மாரிக்குளிர் முழுவதும் அண்ணன் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மச்சாள் குட்மேய்ஸில் ஒரு கடையில், முறிந்த விரல் சரியாகப் பொருந்தாத கையோடு, மரக்கறிப் பெட்டி இறக்கினார். கண்டவர் நின்றவரெல்லாம் புத்தி சொன்னார்கள். உங்களுக்கு ஏன் வெள்ளைக்காரன்ரை விளையாட்டு என்று கேட்ட ஒருவருக்கு, அடிபடப்போறது வெள்ளைக்காரப் பிள்ளையெண்டா நோகாதோ என்று திருப்பிக் கேட்டார். அந்த ஆள் பிறகு அந்தக் கடைப் பக்கம் வரவில்லை.

தை மாதம், லிஃப்டுக்குக் காப்புறுதி கொடுக்க இன்ஷூரன்ஸ் கம்பனியிலிருந்து ஒரு மனிதர் வந்தார். ஒல்லியான, சிரிக்காத ஆள். விபத்துப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, என் மேசையில் வைத்துப் பக்கம் பக்கமாக வாசித்தார். ஒரு பக்கத்தில் அவர் கண் நின்றது. வெட்டியது யார் என்று கேட்டார். கிரகாம் முந்துவதற்குள் நான் சொல்லிவிட்டேன். என் வேலையும் போனால் போகட்டும் என்று ஒரு வெறி. அன்று புதன்கிழமை. அவர் எழுந்துபோய் முளைகளுக்கு நடுவே, மேட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறங்கத் தொடங்கினார்கள். அரை மணித்தியாலத்தில் நான்கு தரம் துள்ளி விலகினார். ஐந்தாம் தரம் விலக நேரமிருக்கவில்லை. எழும்பி, காற்சட்டையைத் தட்டிக்கொண்டு, இங்கே வைத்தால் காப்புறுதி இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

முளைகளைப் பிடுங்கி வலப்பக்கம், ஸ்டோருக்குப் பின்னால் அடித்தார்கள். மச்சாளை எவரும் கூப்பிடவில்லை.

சித்திரையில் லிஃப்ட் திறந்த அன்று மச்சாள் வந்தார். நல்ல சேலை, மேலே கோட். எல்லோரையும்போல் ரிக்கற் எடுத்து, வரிசையில் நின்று, பின்புறமாகச் சுற்றி வந்தார். நானும் ஏப்பிரனைக் கழற்றிவிட்டு அவரோடு போய் நின்றேன். கதிரையைப் பிடித்துக் கொடுத்தவன் கிரகாம். நிலத்தைப் பார்த்துக்கொண்டு, மன்னிக்கவேணும் என்றும் ரிக்கற் கூட்டில் இடம் இன்னும் இருக்கிறது என்றும் மெல்லச் சொன்னான். அதற்கு மச்சாள், விபத்துப் புத்தகத்தில் நான் எழுதியதற்குக் கீழே, இவள் சொன்னது சரி என்று எழுதிக் கையெழுத்து வை, அப்புறம் பார்க்கலாம் என்றார். அவன் கதிரையின் கம்பியை இறக்கிப் பூட்டினான். கதிரை எங்களைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது.

நான் பயத்தில் கண்ணை மூடிவிட்டேன். மச்சாள் கோணல் விரலால் என் தொடையில் தட்டினார். கண்ணைத் திறந்தேன். கீழே கஃபே வாசலில் சின்னப் பிள்ளைகள் ஒவ்வொன்றாக வழுக்கிவந்து, வெறும் பாயில் உருண்டு, சிரித்துக்கொண்டு எழும்பின.

"பார், விழுகுதுகள்தான்," என்றார் மச்சாள். "ஆனா ஒருத்தருக்கு மேலையும் விழேல்லை."