பவளம் சொல்லாத சொரி

மெல்பேர்ணின் நோபல் பார்க் பகுதித் தமிழர்கள் மத்தியில் பவளத்தைப் பற்றி ஒரு கதை உண்டு. அவள் யாரிடமும் மன்னிப்புக் கேட்கத் தெரியாத திமிர் பிடித்தவள் என்பது அந்தக் கதை. அது சுத்தப் பொய். தன் பிழை என்றால் ஐந்து வயதுப் பிள்ளையிடமும் கேட்பாள். தன் பிழை இல்லாவிட்டால் ஆண்டவனே இறங்கி வந்தாலும் கேட்கமாட்டாள். இந்தச் சின்ன வித்தியாசம் புரியாதவர்கள்தான் கதை கட்டினார்கள்.

அவள் கணவர் மகேந்திரராஜா வேறு வார்ப்பு. ஒரு அரசாங்க அலுவலகத்தில் படம் வரைகிற வேலை. நல்ல மனிதர், ஆனால் மெல்பேர்ணில் கால் வைத்த நாள் முதல் ஆங்கிலத்தில் சொரி, சொரி என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ட்ராமில் யாராவது அவர் காலை மிதித்தால் சொரி சொல்வது இவர்தான். காரில் போகும்போது பின்னால் யாராவது ஹோர்ன் அடித்தால், யாருக்காக அடித்தான் என்றுகூடப் பார்க்கமாட்டார். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, மன்னித்துக்கொள் என்கிற மாதிரி ஒரு ஆட்டு ஆட்டுவார். வந்த இடத்தில் பிரச்சினை வேண்டாம் என்பது அவர் கொள்கை. பவளத்துக்கு அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும்.

பவளம் சுன்னாகத்தில் தகப்பனின் மொரிஸ் மைனரில் கார் ஓடப் பழகியவள். அங்கே கணக்கு ரீச்சர். இங்கே வந்தபோது அந்த ஆசிரியர் சான்றிதழை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிஸ்கட் பக்டரியில் இரண்டு வருடம் நின்றபடி பெட்டி அடைத்தாள். பிறகு எழுபத்தாறாம் ஆண்டு, நகரத்தில் பூக்கடை வைத்திருந்த கிரேக்கப் பெண் மிசிஸ் கூலா, பூ கொண்டுபோய்க் கொடுக்க வான் வண்டி ஓடக்கூடிய ஆள் தேடுகிறாள் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றாள். வேலை கிடைத்தது. வெளிர்நீல வான், பின்னால் வாளி வாளியாகக் கார்னேஷன், பக்கத்தில் நின்று கண்காணிக்க மேற்பார்வையாளன் இல்லை. இந்த நாட்டில் பவளம் வாய்விட்டுச் சிரித்தது அந்த வானுக்குள் ஏறிய பிறகுதான்.

நகரத்தில் ஓடுவதென்றால் ஹூக் டர்ன் போடத் தெரிய வேண்டும். நடு வீதியில் ட்ராம் ஓடுவதால், வலது பக்கம் திரும்ப வேண்டியவன் நடுவில் நின்று ட்ராமை மறிக்கக் கூடாது. இடது ஓரமாகவே பச்சையில் சந்திக்குள் போய், அங்கே ஓரத்தில் நிற்க வேண்டும். தன் விளக்கு சிவப்பாகி, குறுக்கு வீதிக்குப் பச்சை விழுந்ததும், அத்தனை பேருக்கும் முன்னால் வீதியைக் குறுக்கறுத்து வலது பக்கம் திரும்ப வேண்டும். சிவப்பில் திரும்புவதுதான் இங்கே சட்டம். கேட்டால் பைத்தியக்காரத்தனம் போலத்தான் இருக்கும். பவளத்துக்கோ முதல் நாளே பிடித்துப்போயிற்று. பின்னால் நிற்பவன் ஹோர்ன் அடிப்பான், அடிக்கட்டும். நேரம் வரும்வரை அசையாமல் நிற்பதில் அவளுக்கு ஒரு தனிச் சந்தோஷம் இருந்தது.

மகேந்திரராஜா வந்த நான்கு வருடத்தில் ஒரு முறைகூட அந்தத் திருப்பத்தைப் போட்டதில்லை. வலது பக்கம் போக வேண்டுமென்றால் நேரே போய், மூன்று முறை இடது பக்கம் திரும்பி, சுற்றி வளைத்து வந்து சேருவார். அவர் மட்டுமில்லை, அவருடைய கூட்டாளிகள் பலருக்கும் அதுதான் வழி. ஒருவரும் வெளியே சொல்வதில்லை. கேட்டால், அந்தப் பக்கம் பார்க்கிங் வசதி என்பார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை, கல்யாணப் பூக்களைத் தேவாலயத்தில் இறக்கக் கை காணாது என்று பவளம் அவரையும் வானில் ஏற்றிக்கொண்டாள். மடியில் மணப்பெண்ணின் பூச்செண்டு. முகத்தை மறைக்கிற உயரத்துக்கு அது இருந்தது. கொலின்ஸ் வீதியிலிருந்து எலிசபெத் வீதிக்கு வலது பக்கம் திரும்ப வேண்டும். பவளம் ஓரமாகப் போய் நின்றாள். விளக்கு சிவப்பானது, எலிசபெத் வீதிக்குப் பச்சை விழுந்தது, திருப்பினாள். பின்னாலிருந்து நேரே வந்த ஒரு பச்சைக் கார் சிவப்பு விளக்கைக் கவனிக்காமல் சந்திக்குள் பாய்ந்து, அவள் இருக்கைக்குப் பின்னால் வானின் பக்கத்தில் இடித்தது. யாருக்கும் காயமில்லை. வாளிகள் கவிழ்ந்து, வீதியெல்லாம் பூவும் தண்ணீருமாகக் கிடந்தது.

காரில் வந்தவன் சிட்னிக்காரன், விற்பனைப் பிரதிநிதி. இடது ஓரத்திலிருந்து வலது பக்கம் திரும்பினாளே என்று கத்தினான். அவனுக்கு ஹூக் டர்ன் என்று ஒன்று இருப்பதே தெரியாது. பவளம் கதவைத் திறந்து இறங்குவதற்குள் மகேந்திரராஜா பூச்செண்டோடு இறங்கி அவனிடம் போய்விட்டார். அப்போதுதான் வந்து சேர்ந்த பொலிஸ்காரன் காதுபடச் சொன்னார்: சொரி சேர், வெரி சொரி, என் மனைவியின் பிழைதான், அவள் புதுசு.

பவளம் அந்த இடத்திலேயே மறுத்தாள். “பிழை விட்டது நானில்லை” என்று ஆங்கிலத்தில் இரண்டு முறை சொன்னாள். பொலிஸ்காரன் அதையும் கேட்டான்தான். ஆனால் கட்டிய புருஷனே சொல்லிவிட்ட பிறகு அவள் பேச்சு எங்கே எடுபடும்? கவனமில்லாமல் ஓட்டியதாக அவள் பேரில் சம்மன் வந்தது.

மிசிஸ் கூலா நல்லவள், ஆனால் வியாபாரி. குற்றவாளி என்று தீர்ப்பு வந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் பவளத்தை வான் ஓட விடமாட்டார்கள், தான் வேறு ஆள்தான் பார்க்க வேண்டும் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப் பணத்தைக் கட்டினால் ஒரே நாளில் விஷயம் முடிந்துவிடும். வானும் முடிந்துவிடும். மறுபடி பிஸ்கட் பெட்டிதான்.

ஞாயிற்றுக்கிழமை யோகேஸ்வரன் வந்து கதிரையில் அமர்ந்தார். ஊருக்கெல்லாம் புத்தி சொல்வதைக் கடமையாக எடுத்துக்கொண்ட குடும்ப நண்பர். அவருக்குத் தெரிந்தது எதுவும் அடுத்த ஞாயிறு வரை இரகசியமாக இருந்ததில்லை.

“பிள்ளை, வந்த நாட்டிலை கோடு கச்சேரி, வழக்கு எண்டு நிண்டால் ஆர் எங்களை மதிப்பினம்? ஒரு சொரியைச் சொல்லிப்போட்டுக் காசைக் கட்டி விடும்.”

“சொரி சொல்லுறவையை மட்டும் ஆர் மதிக்கினம்?” என்று கேட்டுவிட்டு, பவளம் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போய்விட்டாள்.

அன்றிரவு மகேந்திரராஜா மெதுவாகக் குடியுரிமை விண்ணப்பத்தைப் பற்றிப் பேசினார். பொலிஸுக்குச் சொன்னதைத் தானே மாற்றிச் சொன்னால் பொய்யன் என்று ஆகிவிடாதா என்று கேட்டார். பவளத்துக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஆனால் அவரிடம் கெஞ்சவில்லை. “நான் கோட்டுக்குப் போறன். நீங்கள் வந்தால் வாங்கோ, வராட்டி விடுங்கோ” என்றாள். அதற்கு மேல் அந்தப் பேச்சு அந்த வீட்டில் எழவில்லை.

வழக்கு நாளில் அவர் கோட் சூட் போட்டுக்கொண்டு வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்தில், ஆதரவுக்கு என்று சொல்லிக்கொண்டு, யோகேஸ்வரன். பவளம் வழக்கறிஞர் வைக்கவில்லை.

சிட்னிக்காரன் முதலில் சாட்சி சொன்னான். நீதவான் மெல்பேர்ண்காரர். ஹூக் டர்ன் தெரியுமா என்று அவனைக் கேட்டார். எங்கள் ஊரில் இப்படிப்பட்ட கூத்து கிடையாது என்றான் அவன். அறையில் சிரிப்பு எழுந்தது. ஆனால் தனக்கு விளக்கு இன்னும் சிவப்பாகவில்லை என்பதில் அவன் உறுதியாக நின்றான். சிவப்பு விழுந்த பிறகுதான் திருப்பினேன் என்றாள் பவளம். ஆக அவன் சொல்லா அவள் சொல்லா என்று வந்து நின்றது. பொலிஸ்காரன் எழுந்து, கணவரே அவளுடைய பிழை என்று ஒப்புக்கொண்டதைச் சொன்னான். நீதவான் கண்ணாடியைக் கழற்றி, அந்தக் கணவர் வந்திருக்கிறாரா என்று கேட்டார்.

“வந்திருக்கிறார்” என்றாள் பவளம். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று அவளுக்குத் தெரியாது. அதை முகத்தில் காட்டவில்லை.

மகேந்திரராஜா கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தார். விளக்கு என்ன நிறத்தில் இருந்தது என்று கேட்டார்கள். அவர் யோகேஸ்வரன் இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு பவளத்தைப் பார்த்தார்.

“தெரியாது ஐயா. நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்” என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

நீதவானுக்கு விளங்கவில்லை. ஏன் மூடினீர்கள் என்று கேட்டார்.

“அந்தத் திருப்பம் எனக்குப் பயம். நான்கு வருடமாக ஒரு முறைகூட நான் அதைப் போட்டதில்லை. அவள் போடும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வேன்.”

அப்படியென்றால் மனைவியின் பிழை என்று எப்படிச் சொன்னீர்கள் என்பது அடுத்த கேள்வி.

“அந்த மனிதர் கோபமாக இருந்தார். இங்கே யார் கோபப்பட்டாலும் நான் சொரி சொல்லிவிடுவேன். அது யாருடைய பிழை என்று பார்ப்பதில்லை.”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. யோகேஸ்வரன் குனிந்து சப்பாத்தைப் பார்த்தார். மூன்று முறை இடது பக்கம் திரும்பும் கூட்டத்தில் அவரும் ஒருவர். கண்ணை மூடியிருந்தவரின் ஒப்புதலை வைத்துக் குற்றம் தீர்க்க முடியாது என்று நீதவான் வழக்கைத் தள்ளுபடி செய்தார்.

வெளியே வந்து இருவரும் வானில் ஏறினார்கள். நசுங்கிய பக்கத்துக்கு இன்னும் வர்ணம் பூசியிருக்கவில்லை. பவளம் வேண்டுமென்றே வானைக் கொலின்ஸ் வீதியில் விட்டாள். அதே சந்தி. இடது ஓரமாகப் போய் நின்றாள். பின்னால் ஒருவன் ஹோர்னில் கையை வைத்தவன் எடுக்கவேயில்லை.

மகேந்திரராஜாவின் கை பழக்கத்தில் ஜன்னல் பக்கம் எழும்பியது. பவளம் திரும்பிப் பார்த்தாள். கை பாதியில் நின்றது. அதை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். பின்னாலிருப்பவன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தான்.

“அடிக்கட்டும், நீர் பொறும். இன்னும் பச்சைதான்” என்றார். நெற்றியெல்லாம் வியர்வை. கண்கள் மட்டும் விளக்கை விட்டு அகலவில்லை.

பவளம் விளக்கைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சிவப்பு விழுந்திட்டுது பவளம். இப்ப திருப்பும்.”