மூன்றடுக்குக் கேக்கும் முதல் போணியும்

போன மே மாதம், ஒரு சனிக்கிழமை மதியம். திருவொற்றியூர்க் கடற்கரையை ஒட்டிப் போகும் எண்ணூர் விரைவுச் சாலையில், இரண்டு கன்டெய்னர் டிரெய்லர்களுக்கு நடுவே ஒரு ஆட்டோ மாட்டிக்கொண்டு நின்றது. அதன் பின்சீட்டில், மடியில் மூன்றடுக்குக் கல்யாணக் கேக்கை அணைத்துப் பிடித்தபடி நான் உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்சம் முன்கதை சொன்னால்தான் புரியும். துறைமுகத்துக்குப் போகும் சரக்குப் பெட்டிகளை அடுக்கிவைக்கும் கன்டெய்னர் யார்டு ஒன்றில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். ஆட்குறைப்பில் அந்த வேலை போனது. அதற்கப்புறம் ஒரே வேலை என்பது எனக்கு அமையவில்லை. காலையில் ஒரு லாரி ஆபீஸுக்குக் கணக்கு எழுதுவேன், மதியம் போனில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு, ஆர்டர் வந்தால் கேக். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் எதைச் சொல்வது என்று முழிப்பேன். என் கணவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். பெருங்குடி பக்கம் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை பேசி வைத்திருந்தார். விம்கோ நகரில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து அங்கே போய் வந்தால் நாள் முடிந்துவிடும், மற்ற எல்லாவற்றையும் மூட்டை கட்ட வேண்டியதுதான். இந்தக் கல்யாணக் கேக் சொதப்பினால் திங்கட்கிழமையே அங்கே சேர்ந்துவிடுகிறேன் என்று வீராப்பாக வாக்குக் கொடுத்திருந்தேன். அதுதான் எனக்கு முதல் கல்யாண ஆர்டர். அதுவரை செய்ததெல்லாம் பிறந்தநாள் கேக்குகள்.

என்னைப் போலவே நாலு வேலையை ஒட்டுப்போட்டுப் பிழைக்கும் பெண்கள் சிலர் எனக்குத் தோழிகளாக இருந்தார்கள். ஒரு சுயதொழில் வகுப்பில் பழக்கம். அதில் கல்மண்டபத்து அக்கா ஒருவர் ஆட்டோ ஓட்டுவார், விடிகாலையில் மீன் ஏலமும் எடுப்பார். திருவொற்றியூர்த் தேரடி பக்கம் இருக்கும் இன்னொருத்தி பிளவுஸ் தைப்பாள், முகூர்த்த நாட்களில் மணப்பெண்ணுக்கு மேக்கப் போடுவாள். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. யார் புதிதாக ஒரு வேலையைத் தொடங்கினாலும், அந்த முதல் போணி நாளில் மற்றவர்கள் வேறு வேலை எடுக்காமல், கூப்பிட்டதும் ஓடிவரத் தயாராகக் காவல் இருக்க வேண்டும். எனக்கு அது கொஞ்சம் அசட்டுத்தனமாகத்தான் தெரிந்தது. முகூர்த்தக் காலத்துச் சனிக்கிழமையை யார் விடுவார்கள்? ஒரு கேக்கைக் கொண்டுபோய் வைக்க ஊர்வலமா, நீங்கள் உங்கள் பிழைப்பைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். ஆட்டோ அக்காவை மட்டும் வண்டிக்காகக் கூப்பிட்டேன்.

கல்யாண மண்டபம் அக்காவின் ஏரியாவான கல்மண்டபத்தில் இருந்தது. மாலையில் கேக் வெட்ட வேண்டும். ஊருக்குள் போகும் பெரிய சாலையில் சிக்னலும் ஸ்பீடு பிரேக்கரும் அதிகம், கேக் குலுங்கும். கடற்கரைச் சாலை நேராகப் போகும், ஆனால் அது டிரெய்லர்களின் சாலை. யார்டில் இருந்த மூளை அல்லவா, துறைமுகத்துக்கு எந்தக் கப்பல் என்றைக்கு வருகிறது என்று பார்த்துத்தான் வழியை முடிவு செய்தேன். அன்றைக்குக் கப்பல் எதுவும் இல்லை. கப்பல் இல்லையென்றால் டிரெய்லரும் இல்லை என்று அக்காவிடம் பெருமையாக வேறு சொன்னேன். கேக் கொண்டுபோகக் கப்பல் அட்டவணை பார்த்தவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். முந்தைய நாள் வந்து போயிருக்க வேண்டிய கப்பல் ஒன்று தாமதமாகி அன்று விடியற்காலையில்தான் வந்து நின்றது என்பது எனக்கு எப்படித் தெரியும்?

வளைவு தாண்டியதும் டிரெய்லர்கள் வரிசைகட்டி நின்றன. கண்ணுக்கெட்டிய தூரம் வரை பெட்டிகள்தான். அக்கா பிரேக் போடுவதற்குள் பின்னால் ஒன்று வந்து அடைத்துக்கொண்டது. முன்னால் நின்றது நகரும்போதெல்லாம் ஒரு நொடி பின்னுக்கு உருண்டு வந்தது. அப்போதெல்லாம் அக்கா ஹாரனை அமுக்கிப் பிடித்தார், நான் கண்ணை மூடிக்கொண்டேன். வெயில் ஆட்டோவின் கூரையில் இறங்கிக்கொண்டிருந்தது. கேக்கின் ஓரத்தில் போட்டிருந்த கிரீம் பூக்கள் மெல்லத் தலை சாய்த்தன. மேலடுக்கு லேசாக நகர்ந்ததை விரலால் உணர்ந்தேன். முடிந்தது என்று நினைத்தேன். திங்கட்கிழமை பெருங்குடி பஸ் என் கண்முன்னே தெரிந்தது.

அக்கா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. போனை எடுத்துத் தேரடித் தோழிக்கு நாங்கள் நிற்கும் இடத்தையும் கேக்கின் நிலைமையையும் சொன்னார். அவள் எங்காவது கல்யாண வீட்டில் இருப்பாள், தொந்தரவு செய்யாதீர்கள் என்றேன். அதற்குள் அக்கா பேசி முடித்திருந்தார்.

சற்று நேரத்தில் மீனவர் குடியிருப்புச் சந்து ஒன்றிலிருந்து அவள் ஓடிவந்தாள். கையில் இரண்டு பெரிய காலி அட்டைப்பெட்டிகள், தோளில் கைப்பை. அன்றைக்கு வந்த மணப்பெண் மேக்கப் ஒன்றை அவள் வேண்டாமென்று சொல்லிவிட்டு வீட்டில் போனோடு உட்கார்ந்திருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வந்தவள் கேக்கை ஒரு பார்வை பார்த்தாள். பிரித்து எடுத்துக்கொண்டு சந்து வழியாகத் தேரடிக்கு நடந்துவிடலாம், அங்கிருந்து மெட்ரோவில் ஏசியில் போய்விடலாம் என்றாள்.

பிரிக்க முடியாது என்றேன். மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் அடுக்கப் பயந்து, வீட்டிலேயே அடுக்கி, நகராமல் இருக்கக் கிரீமைக் கெட்டியாக அப்பி ஒட்டியிருந்தேன். தூக்கினால் பிய்ந்துவிடும். எனக்கு அழுகை வந்துவிட்டது, அழுதும்விட்டேன்.

அவள் கைப்பையிலிருந்து நூல்கண்டை எடுத்தாள். தையல்காரியின் பையில் அது எப்போதும் இருக்கும். நூலை நீளமாக இழுத்து, இரண்டு முனைகளையும் விரல்களில் சுற்றி, மேலடுக்கைத் தாங்கியிருந்த அட்டைக்கு அடியில் வைத்து மெதுவாக இழுத்தாள். முன்னால் நின்ற டிரெய்லர் மறுபடி உறுமியது. அடுக்கு கழன்று வந்தது. இரண்டாவதும் அப்படியே வந்தது. புதுப் பெட்டிகளில் இரண்டையும் வைத்தோம், அடியடுக்கு என் பெட்டியிலேயே இருந்தது.

மூன்று பெட்டிகள், நாங்கள் இரண்டு பேர். அக்கா ஆட்டோவை விட்டு வர முடியாதே என்று நான் தயங்கினேன். அவருக்கு அந்த ஆட்டோதான் எல்லாம். அதைத் தெருவில் விட்டு டீ குடிக்கக்கூடப் போகமாட்டார். அதற்குள் அவர் வண்டியை ஓரத்துக்குத் தள்ளி, சாலையோரம் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் சாவியைக் கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டிருந்தார். வேண்டாம் அக்கா, வண்டிக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்றேன்.

"வண்டி இங்கதான் கீது, எங்க பூடப் போவுது? உன் மொத போணி பூடுச்சின்னா அது திரும்ப வராதுமே. எறங்கு."

சந்துகளில் நாய், சைக்கிள், தண்ணீர்க் குடங்கள் எல்லாவற்றையும் தாண்டி மூவரும் வரிசையாக நடந்தோம். மெட்ரோவில் பெட்டிகளை ஸ்கேனரில் போடச் சொன்னார் காவலர். போட்டால் சாய்ந்துவிடும் என்று கெஞ்சினேன். அவர் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து உற்றுப் பார்த்த அந்த நேரம் ஒரு யுகம்போல் இருந்தது. கடைசியில் தலையசைத்து உள்ளே விட்டார்.

ரயிலில் குளிர்காற்று பட்டதும் எனக்குத் தைரியம் வருவதற்குப் பதிலாகப் புலம்பல் வந்தது. இதெல்லாம் எனக்குச் சரிவராது, திங்கட்கிழமை அந்த வேலையில் சேர்ந்துவிடுகிறேன், உங்கள் நாளையும் கெடுத்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அக்கா மேலடுக்கை நெஞ்சோடு பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

"திங்கக்கெழம கதய திங்கக்கெழம பேசிக்கலாம். இப்ப பொட்டிய நேரா புடி."

நேராகப் பிடித்தேன். தண்டையார்பேட்டையில் இறங்கி வேறு ஆட்டோ பிடித்து, உள்தெருக்கள் வழியாக மண்டபத்துக்குப் போனபோது மாப்பிள்ளை வீட்டார் வாசலிலேயே நின்றிருந்தார்கள். நான் எதற்குப் பயந்தேனோ அதையே செய்ய வேண்டியிருந்தது. அத்தனை பேர் பார்க்கக் கேக்கை அடுக்கினேன். அக்கா காக்கிச் சட்டையோடு எனக்கு முன்னால் நின்று கூட்டத்தைக் கொஞ்சம் மறைத்துக்கொண்டார். பிய்ந்த இடங்களில் தையல்காரத் தோழி மேடை அலங்காரத்திலிருந்து கேட்டு வாங்கிவந்த ரோஜாக்களைச் செருகினாள். மணப்பெண் கேக்கைப் பார்த்துச் சிரித்த பிறகுதான் நான் அங்கிருந்து நகர்ந்தேன். கல்யாண ஆல்பத்தில் மேலடுக்கு கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கிறது. தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியும்.

சாயங்காலம் மூவரும் ஆட்டோவை எடுக்கத் திரும்பிப் போனோம். வண்டி அப்படியே இருந்தது, சீட்டெல்லாம் கருவாட்டு வாசனை. மழை வருகிற மாதிரி இருந்ததால் அந்த அம்மா கருவாட்டுக் கூடைகளை வண்டிக்குள்ளே அடுக்கிவைத்திருந்தார். அக்கா ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லி என்னைத் திட்டினார்.

பெருங்குடிக்கு நான் போகவில்லை. இரண்டு மாதம் கழித்து அக்கா பெண்களுக்கு ஆட்டோ ஓட்டக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். அவருடைய முதல் போணி அன்று லாரி ஆபீஸில் மாதக் கணக்கு முடிக்கிற நாள். முன்கூட்டியே லீவு சொல்லிவிட்டுப் பின்சீட்டில் போய் உட்கார்ந்தேன், உன்னை யார் கூப்பிட்டது என்று அவரும் என்னை மாதிரியே அலுத்துக்கொண்டார். இன்றைக்கும் எல்லா வேலைகளும் ஒரே நேரத்தில் கையை விட்டு நழுவுகிற மாதிரி பயம் வரும்போது, எனக்கு அந்த ரயில் பெட்டிதான் ஞாபகம் வருகிறது. மற்ற இரண்டு அடுக்குகளும் அவர்கள் கையில் இருக்கின்றன, என் கையில் இருப்பதை மட்டும் நான் நேராகப் பிடித்தால் போதும் என்று அப்போது மனசு அடங்கிவிடுகிறது.